விதைக்கும் சந்தாவா?

மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டச் சொல்வது எனக்குப் புதிதல்ல. என் சம்பளமே அதில்தான் வருது. ஆனா விதைக்குமா?

2002-இல் இந்தியாவில் அனுமதி பெற்ற பி.டி. மரபணுவை வீரிய ஒட்டுப் பருத்தியில்தான் ஏற்றினார்கள். அதிலிருந்து விதை எடுத்து விதைத்தால் குணம் சிதறும். வருஷா வருஷம் கடைக்குப் போகணும். விலை அதிகம், அதனால் எட்ட எட்ட ஊன்றுகிறார்கள். செடி குறைவு, அதனால் ஒவ்வொன்றும் நிறையக் காய்க்க நெடுநாள் வயலில் நிற்கணும். இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு வேறென்ன விருந்து வேண்டும்?

அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் பி.டி. மரபணுவை ரகங்களில் வைத்து நெருக்கி விதைக்கின்றன. இங்கே புழு எதிர்ப்புத்திறன் பெற்றதும் அடுத்த மரபணு கேட்கிறோம். கோவையில் சுவின் ரகத்தை உருவாக்கிய அரசு ஆராய்ச்சிக்கு இன்று முதல் வேலை இதுதான்: சீக்கிரம் விளையும், விவசாயியே விதை எடுத்துவைக்கும் ரகங்கள். சந்தா வசூலிப்பவர்களுக்கு அந்த அவசரம் ஒருநாளும் வராது.