வினைக்கு முன்னால் ஒரு சொல்

2009 ஜனவரி 20. வாஷிங்டனில் ஒபாமாவின் பதவியேற்பு. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் உறுதிமொழியை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார். அமெரிக்க அரசியல் சாசனத்தில் உள்ள வாசகம், ‘ஐ வில் ஃபெய்த்ஃபுல்லி எக்ஸிக்யூட்’. நேர்மை தவறாமல் நிறைவேற்றுவேன் என்று பொருள். ராபர்ட்ஸ் அந்த ‘ஃபெய்த்ஃபுல்லி’யை இடம் மாற்றி வாக்கியத்தின் கடைசியில் கொண்டுபோய் வைத்துவிட்டார். ஒபாமா பாதியில் நின்றார். நீதிபதி திருத்த முயன்றார், அதுவும் சரியாக அமையவில்லை. மறுநாள் வெள்ளை மாளிகையில் ஒபாமா இன்னொரு முறை உறுதிமொழி எடுத்துக்கொண்டார். உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு வாக்கியத்தில் தடம் புரண்டது ஒரு வினையடை.

இரண்டொரு நாளில் மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் நியூயார்க் டைம்ஸில் இதற்கு ஒரு காரணம் எழுதினார். துணைவினைக்கும் வினைக்கும் நடுவே எதையும் நுழைக்கக் கூடாது என்ற பழைய இலக்கணக் கட்டுப்பாடு நீதிபதியின் மனத்தில் ஊறியிருக்கும், அதனால் நாக்கு தானாகவே சொல்லை நகர்த்திவிட்டது என்பது அவர் ஊகம். அந்தக் கட்டுப்பாட்டுக்கு ஓர் உறவுக்கார விதியும் உண்டு. ‘டு’வையும் வினையையும் பிரிக்காதே என்று 1864இலேயே கேன்டர்பரி டீன் ஹென்றி ஆல்ஃபர்ட் எழுதினார். நூறு ஆண்டு கழித்து, 1966இல், ‘ஸ்டார் ட்ரெக்’ தொடர் ‘டு போல்ட்லி கோ’ என்று முழங்கிக்கொண்டே தொடங்கியது. ஆங்கிலேயர் வீட்டிலும் தெருவிலும் பேசும் பேச்சு அந்தக் கட்டுப்பாட்டுக்கு என்றுமே அடங்கியதில்லை.

அன்றாட ஆங்கிலத்தில் வினைக்கு முந்திய இடம்தான் மிக உயிருள்ள இடம் என்பது பல ஆண்டுகளாக ஆங்கிலம் சொல்லித்தரும் என் எண்ணம். ஆல்வேஸ், நெவர், ஆஃபன், ஜஸ்ட், ஸ்டில், ஆல்ரெடி, ப்ராபப்ளி, ரியலி, ஒன்லி: பேசுகிறவரின் மனம் இந்தச் சின்னச் சொற்களில்தான் இருக்கிறது. நம் பள்ளிகளில் வினையடை என்றால் ‘எல்ஒய்’யில் முடியும் சொல் என்று ஒரு வரி இலக்கணம் சொல்லி, பத்துச் சொற்களை அடிக்கோடிட வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். எங்கே வைப்பது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லிக்காட்டுவதில்லை.

அடிப்படை எளிதுதான். வினைக்கு முன்னால்: ‘ஐ ஆல்வேஸ் டிரிங்க் காபி.’ ‘இஸ்’, ‘ஆர்’ தனியாக நின்றால் அதற்குப் பின்னால்: ‘ஷி இஸ் ஆல்வேஸ் லேட்.’ துணைவினைகள் இருந்தால் முதலாவதை ஒட்டி: ‘ஷி ஹாஸ் நெவர் பீன் டோல்ட்.’ ஆனால் ‘ஷி இஸ் லேட் டுடே’ என்று ஒருவர் சொல்ல, ‘எப்போதுமே அப்படித்தான்’ என்று நாம் ஆமோதிக்கும்போது, ‘ஷி ஆல்வேஸ் இஸ்’ ஆகிவிடும். அழுத்தம் கடைசிச் சொல்லில் விழ வேண்டும் என்பதற்காக வரிசையே மாறிக்கொள்கிறது.

தமிழில் வினை கடைசியில் வருவதால் வினையடை எல்லாமே அதற்கு முன்னால்தான். நன்றாகப் பாடுகிறாள், மெதுவாகப் பேசு. அந்தப் பழக்கத்தில் ‘ஷி வெல் சிங்ஸ்’ என்று சொல்லிவிடுகிறோம். எப்படிச் செய்தார் என்று சொல்லும் அடை ஆங்கிலத்தில் பெரும்பாலும் பின்னால்தான் வரும். சரி, வினைக்குப் பின்னால் என்று மாற்றிக்கொண்டவர்கள் ‘ஐ ஸ்பீக் வெல் இங்கிலீஷ்’ என்கிறார்கள். வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே இப்படி ஒரு சொல் புக ஆங்கிலம் சாதாரணமாக விடாது. இந்த ஒன்றை மட்டும் மனத்தில் நிறுத்தினால் பாதித் தடுமாற்றம் குறையும். ‘ஹார்ட்லி’ இன்னும் ஆபத்து. ‘ஐ ஹார்ட்லி ஒர்க்’ என்று வேலைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளை, ‘நான் கிட்டத்தட்ட வேலையே செய்வதில்லை’ என்று எழுதிக்கொடுக்கிறது. ‘ஐ ஒர்க் ஹார்ட்’ என்று யாராவது ஒரு நாள் திருத்தியிருந்தால் போதும்.

என்னிடம் மாலையில் படிக்க வரும் ஒரு தம்பி மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறார். வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பிய வடிவமைப்பைப் பற்றி, ‘ஐ ரியலி டோன்ட் லைக் இட்’ என்று போனில் சொல்லியிருக்கிறார். எதிர்முனையில் பேச்சு நின்றுவிட்டது. “அவ்வளவா பிடிக்கலைன்னுதான் சார் சொன்னேன்” என்றார். அவர் சொல்ல நினைத்தது ‘ஐ டோன்ட் ரியலி லைக் இட்’. சொன்னதோ ‘சுத்தமாகப் பிடிக்கவில்லை’. அதே ஐந்து சொற்கள்தான். ‘டோன்ட்’டுக்கு முன்னால் ‘ரியலி’ வந்தால் மறுப்பு பலப்படும், பின்னால் வந்தால் மறுப்பு தணியும். அவரைப் பத்துத் தடவை இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்ல வைத்தேன். விதியைச் சொல்லவில்லை. ஏழாவது, எட்டாவது தடவையில் குரலே மாறியது. ‘ஃபூலிஷ்லி’யும் அப்படித்தான்: ‘ஹி ஃபூலிஷ்லி ஆன்சர்ட்’ என்றால் வாயைத் திறந்ததே தப்பு, ‘ஹி ஆன்சர்ட் ஃபூலிஷ்லி’ என்றால் சொன்ன பதில் அசட்டுத்தனம்.

‘ஒன்லி’க்கு வருகிறேன். தமிழில் ‘தான்’ ஒட்டுகிற இடம்தான் எல்லாம். நேற்றுதான் குமாரைப் பார்த்தேன், நேற்றுக் குமாரைத்தான் பார்த்தேன், நேற்றுக் குமாரை நான்தான் பார்த்தேன். மூன்றும் மூன்று சேதி. அந்தக் காதோடு வளர்ந்த நாம் ‘ஐ கேம் யெஸ்டர்டே ஒன்லி’ என்கிறோம். நம்மவர்களுக்குள் அது தெளிவான, நேரான பேச்சு. அதற்காக யாரும் கூனிக்குறுக வேண்டியதில்லை. ஆங்கிலேயரோ ‘ஐ ஒன்லி கேம் யெஸ்டர்டே’ என்று வினைக்கு முன்னால் வைத்துவிட்டு, ‘யெஸ்டர்டே’யைக் குரலால் அழுத்துவார். நாம் எழுத்தில் ஒட்டுவதை அவர் தொண்டையில் ஒட்டுகிறார். தான் சுட்டும் சொல்லுக்குப் பக்கத்தில்தான் ‘ஒன்லி’ நிற்க வேண்டும் என்று அங்கேயும் கண்டிப்பானவர்கள் உண்டு. 1926இல் ஃபௌலர் என்பவர் தம் ஆங்கிலச் சொல்வழக்கு அகராதியில் அவர்களுக்கு எதிராக, பேச்சில் இயல்பாக வரும் இடத்துக்கே பரிந்து எழுதினார். நான் ஃபௌலர் பக்கம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வினையடைப் பாடம் வரும் வாரத்தில் அடிக்கோடிடும் பயிற்சியைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். ‘ஜஸ்ட்’, ‘ஸ்டில்’, ‘நெவர்’, ‘ரியலி’ ஆகிய நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு, முழு வாக்கியங்களாக, வகுப்பு முழுக்க உரக்கச் சொல்ல வையுங்கள். தேர்வில் அதற்கு மதிப்பெண் இல்லாவிட்டாலும் சொல்ல வையுங்கள்.