படித்து முடித்தவர்கள்

திருத்தணிக்கு நகரி பக்கத்து ஊர். நடுவில் இருப்பது மாநில எல்லை. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனால் கொள்வினை கொடுப்பினை ஒருநாளும் எல்லையைக் கேட்டு நடந்ததில்லை. இன்றும் பெண்ணை அங்கே கொடுக்கிறோம், மருமகளை அங்கிருந்து கூட்டிவருகிறோம். அடி வாங்கிய பெண்ணும் இதே எல்லையைத் தாண்டித்தான் தாய்வீட்டுக்கு வருகிறாள்.

2021இல் நான் ஜூனியராக இருந்த அலுவலகத்துக்கு அப்படி ஒருத்தி வந்தாள். விசைத்தறிக்காரர் வீட்டுப் பெண். இடது கையில் மாவுக்கட்டு. கூடவே இரண்டு குழந்தைகள். சீனியர் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சம்பவம் நடந்தது ஆந்திராவுல. கேஸும் அங்கதாம்மா போடணும். அதுக்கு முன்னாடி பெரியவங்கள வெச்சுப் பேசிப் பாரு. கை நீட்டாத புருஷன் யாரு?" அவள் என்னைப் பார்த்தாள். நான் மேஜைமேல் இருந்த வழக்குக் கட்டுகளைப் பார்த்தேன்.

அன்றிரவுதான் புத்தகத்தை எடுத்தேன். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, பாதிக்கப்பட்ட பெண் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ வசிக்கும் இடத்து மாஜிஸ்திரேட்டிடமே மனு கொடுக்கலாம் என்கிறது. ஜீவனாம்ச வழக்கையும் அவள் இருக்கும் ஊரில் போடலாம். கணவன் வீட்டை விட்டு வந்து தஞ்சம் புகுந்த ஊரிலேயே 498ஏ பிரிவின்கீழ் வழக்குத் தொடரலாம் என்று 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருந்தது. மூன்று கதவுகள் திறந்திருந்தன. நாங்கள் அவளைப் பேருந்து நிலையத்துக்கு அனுப்பியிருந்தோம். அவள் திரும்பிப் போய்விட்டதாகக் குமாஸ்தா பிறகு சொன்னார்.

சீனியர் கெட்டவரில்லை. சோம்பேறியும் இல்லை. நில வழக்கில் அவரை அசைக்க முடியாது. பத்திரப்பதிவில் ஒரு விதி மாறினால் அந்த வாரமே அவருக்குத் தெரிந்துவிடும். குடும்ப வன்முறைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபரில். பதினைந்து ஆண்டுகளாக அதன் ஒரு பிரிவு அவர் கண்ணில் படவில்லை. கட்சிக்காரர் பணம் வைத்திருக்கிற சட்டம் வக்கீலுக்குப் புதிதாகவே இருக்கிறது. கட்சிக்காரி காதுத்தோட்டை அடகு வைத்துக்கொண்டு வருகிற சட்டம் பழசாகிக் கிடக்கிறது. இதை மறதி என்று நான் ஏற்கமாட்டேன். எப்போதும் ஒரே பக்கமாகச் சாயும் மறதிக்குப் பாரபட்சம் என்று பெயர்.

இந்தப் பாரபட்சத்துக்கு நம் நாட்டில் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. மருத்துவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2002ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் விதிகள், ஐந்து ஆண்டுகளுக்கு 30 மணி நேரமாவது தொடர்கல்வி பெற வேண்டும் என்கின்றன. கலிஃபோர்னியாவில் வக்கீல் தொழில் செய்கிறவர்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 25 மணி நேரம் படித்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டும். பாரபட்சத்தைக் களைவதும் மனநலமும் குடிப்பழக்கமும் அந்தப் பாடத்துக்குள் கட்டாயமாக வருகின்றன. இங்கே நீதிபதிகளுக்காவது போபாலில் தேசிய நீதித்துறை அகாடமியும் சென்னையில் மாநில அகாடமியும் இருக்கின்றன. வக்கீலுக்குக் கட்டாயம் எதுவும் கிடையாது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 6ஆவது பிரிவு, கருத்தரங்கு நடத்துவதை மாநில பார் கவுன்சிலின் பணிகளில் ஒன்றாகச் சொல்கிறது. நடத்துகிறார்கள், விருப்பமுள்ளவர்கள் போகிறார்கள். போகவேண்டியவர்கள் போவதில்லை.

2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. பாலியல் குற்றம் சாட்டப்பட்டவர், புகார் கொடுத்த பெண்ணின் வீட்டுக்கே போய் ராக்கி கட்டிக்கொள்ள வேண்டும் என்று மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் விதித்த ஜாமீன் நிபந்தனையை ரத்துசெய்த தீர்ப்பு அது. பாலினக் கூருணர்வை நீதிபதிகளின் பயிற்சியிலும், சட்டக் கல்லூரிப் பாடத்திலும், அகில இந்திய பார் தேர்விலும் சேர்க்க வேண்டும் என்றும் அது சொன்னது. நல்லதுதான். ஆனால் அந்தத் தேர்வு 2009–10 கல்வியாண்டு முதல் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டுமே. அதற்கு முன் பதிவுசெய்த அத்தனை சீனியர்களும் அதற்கு வெளியே நிற்கிறார்கள். நாற்காலியில் இருப்பவரை விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கும் பெண்ணுக்குப் பாடம் நடத்துகிறோம்.

நம் ஊர் வேறு என்று யாரும் நினைக்க வேண்டாம். 2015இல் சென்னை உயர் நீதிமன்றமே, வன்புணர்வு வழக்கில் தண்டனை பெற்றவருக்கு, அந்தப் பெண்ணோடு சமரசம் பேச வசதியாக ஜாமீன் கொடுத்தது. குற்றம் நடந்தபோது அவள் சிறுமி. எதிர்ப்பு எழுந்து, அந்த உத்தரவு அடுத்த மாதமே திரும்பப் பெறப்பட்டது. பெண்ணின் 'ஒழுக்கத்தை'ச் சொல்லி அவள் சாட்சியத்தைக் குலைக்க அனுமதித்த சாட்சியச் சட்டப் பிரிவு நீக்கப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. குறுக்கு விசாரணையில் அந்தக் கேள்வி இன்னும் நீக்கப்படவில்லை. நீதிபதிக்கு எத்தனை வகுப்பு எடுத்தாலும் கேள்வியைத் தயாரிப்பவர் வக்கீல்தான்.

படிக்கச் சொன்னால் கௌரவம் குறைந்துவிடும் என்பவர்களுக்கு இன்னொரு 2021ஐ நினைவூட்டுகிறேன். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கு. தன்பால் உறவைப் பற்றித் தனக்கே முன்முடிவுகள் இருக்கின்றன என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். உளவியலாளர் ஒருவர்முன் மாணவராக உட்கார்ந்து கேட்டார். அதன் பிறகே ஜூன் 7ஆம் தேதி விரிவான உத்தரவு எழுதினார். உயர் நீதிமன்ற நீதிபதியால் முடிந்தது தாலுகா வக்கீலுக்கு ஏன் முடியாது? ஆசிரியர் தினம் எவர் பெயரால் கொண்டாடப்படுகிறதோ அந்த ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் என்று பெருமை பேசும் ஊர் எங்களுடையது.

இனி, வக்கீலின் நலம். அதை மூச்சுப்பயிற்சி வகுப்போடு முடித்துவிடப் பார்க்கிறார்கள். மாதம் முடிந்தால் கையில் பணம் வருமா, சீனியர் இரவில் அனுப்பும் குறுஞ்செய்திக்குப் பதில் போடாவிட்டால் நாளைக்கு வேலை இருக்குமா என்பதுதான் ஜூனியர் பெண்ணின் நலம். ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எத்தனை பெண்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள் என்று உங்களுக்குத் தெரிந்த ஜூனியர்களிடம் கேளுங்கள். பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டமோ, வக்கீலுக்கும் பார் கவுன்சிலுக்கும் இடையே முதலாளி–தொழிலாளி உறவு இல்லை என்பதால் இங்கே பொருந்தாது என்று 2025இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, சீனியர்கள் படிக்க வேண்டிய முதல் பாடம் தங்கள் அலுவலக அறைக்குள்ளேயே இருக்கிறது.

கட்டாயமாக்கினால் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள் என்பார்கள். சிலர் போவார்கள். ஆனால் அதற்குப் பிறகு யாரும், "இந்தச் சட்டம் எனக்குத் தெரியாதே" என்று ஒரு பெண்ணிடம் கைவிரிக்க முடியாது. கட்டணம் வைத்துக் கொள்ளையடிப்பார்கள் என்பது நியாயமான பயம். அதனால்தான் இலவசமாகக் கேட்கிறோம். தாலுகா அளவில், நீதிமன்றம் முடிந்த மாலையில், தமிழில் நடத்துங்கள். எங்கள் எல்லையில் தெலுங்கிலும் நடத்துங்கள். உயர் நீதிமன்றப் பிரமுகர் வந்து பொன்னாடை வாங்கிப்போகும் விழா வேண்டாம். வழக்கு நடத்தி அலைந்து களைத்த பெண்களையும் பேச அழையுங்கள். படிக்காதவர்களுக்குத் தொழில் செய்யும் உரிமத்தைப் புதுப்பிக்காதீர்கள்.

தோழிகளே, அதுவரை காத்திருக்கவும் முடியாது. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாறிவிட்டன. 498ஏ இப்போது 85ஆவது பிரிவு. ஜீவனாம்சம் கேட்கும் 125, இப்போது 144. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவிலேயே எழுதியிருக்கிறது. இந்த எண்களை உங்கள் அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் எழுதிக் கொடுங்கள். வக்கீலிடம் போகும்போது மரியாதையாகவே கேளுங்கள்: "சார், இந்தச் சட்டத்தைக் கடைசியா எப்போ படிச்சீங்க?" பதில் வரும்வரை வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.