சிறையில் கற்ற தொழில் வெளியில் சோறு போட வேண்டும்

அம்பத்தூர் – புழல் சாலையில் 2023 ஆகஸ்ட் மாதம் ஒரு பெட்ரோல் பங்க் திறக்கப்பட்டது. இந்தியன் ஆயில் நிறுவனத்தோடு சேர்ந்து தமிழ்நாடு சிறைத்துறை தொடங்கிய பங்க் அது. அங்கே வண்டிகளுக்கு பெட்ரோல் போடும் வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், புழல் பெண்கள் தனிச்சிறையின் தண்டனைக் கைதிகள். முதலில் 30 பேர். மாதச் சம்பளம் 6,000 ரூபாய்.

பெட்ரோல் போடக் கற்பது பெரிய வித்தையல்ல. அதைச் சுற்றியிருக்கும் சின்னச் சின்ன வேலைகளில்தான் இந்த ஏற்பாட்டின் அருமை இருக்கிறது. காசு வாங்கி மீதி தர வேண்டும், கைப்பேசியில் அனுப்பிய பணம் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும், அவசரத்தில் கத்துகிற வண்டிக்காரரிடம் பொறுமையாகப் பேச வேண்டும், ஷிப்ட் முடிந்ததும் கணக்கை ஒப்படைக்க வேண்டும். 2016-க்கு முன்பு சிறைக்குப் போன ஒரு பெண்ணுக்கு யுபிஐ என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. பணமதிப்பிழப்பு நடந்தது, ரூபாய் நோட்டுகள் மாறின, ரேஷன் கடைக்கு ஸ்மார்ட் கார்டு வந்தது. இவையெல்லாம் அவர் உள்ளே இருந்தபோது நடந்தவை. இப்படி மாறிப்போன உலகத்தோடு பழக அந்த பங்க் அவருக்கு இடம் தருகிறது. பொதுமக்களின் பணத்தைக் கையாண்டவர் என்ற அனுபவமும் சேர்கிறது. சிறை சென்று வந்தவரை வேலைக்கு எடுக்கத் தயங்குகிறவர் முதலில் சந்தேகப்படுவது அந்த நம்பகத்தைத்தானே!

ஆனால், இந்த வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 23,772 பெண்கள் இருந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டுகிறது. ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் விசாரணைக் கைதிகள். அவர்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க முடியாது. அது சரியான விதி. ஆனால், எப்போது ஜாமீன் கிடைக்கும் என்று தெரியாததால், ஆறு மாதம், ஒரு வருடம் என்று நீளும் பயிற்சிகளில் அவர்களைச் சேர்ப்பதும் எளிதல்ல. கடைசியில், உள்ளே இருப்பவர்களில் பெரும்பகுதியினர் எதையும் கற்காமலே வெளியே வருகிறார்கள். இரண்டு, மூன்று வாரங்களில் முடிகிற பகுதிகளாகப் பயிற்சியைப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனிச் சான்றிதழ் தந்தால், பாதியில் ஜாமீன் கிடைத்தவர் மிச்சத்தை வெளியே ஏதாவதொரு பயிற்சி மையத்தில் தொடரலாம்.

எதைக் கற்பிப்பது என்பது அடுத்த கேள்வி. பெண்கள் சிறை என்றதும் தையல்தான் நினைவுக்கு வரும். தையலைக் குறை சொல்ல வேண்டியதில்லை. திருப்பூரே அதில்தான் வாழ்கிறது. ஆனால், திருப்பூர் பனியன் கம்பெனி வாசலில் கேட்கும் கேள்வி வேறு: ஓவர்லாக் ஓட்டத் தெரியுமா, பிளாட்லாக் தெரியுமா, பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கிறாயா? கால் மெஷினில் நேர்த்தையல் மட்டும் பழகிய பெண் அங்கே ஹெல்ப்பராகத்தான் சேர முடியும். உள்ளே கிடைக்கும் மெஷினையும் நிறைவேற்ற வேண்டிய ஆர்டரையும் பார்த்துப் பயிற்சியை முடிவு செய்வதால் வரும் வினை இது. விடுதலையாகும் பெண் எந்த ஊருக்குப் போகப்போகிறார், அங்கே என்ன வேலை இருக்கிறது என்பதிலிருந்து பயிற்சி தொடங்க வேண்டும். ஓசூருக்குப் போகிறவருக்கு மின்னணுப் பொருள் கோர்க்கும் வேலை பயன்படும். சென்னையில் தங்குகிறவருக்கு முதியோர் பராமரிப்போ பில்லிங் வேலையோ கைகொடுக்கும்.

சான்றிதழில் சிறையின் பெயர் இருக்கவே கூடாது. தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின்படி சோதித்து, தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் பெயரில் அது தரப்பட வேண்டும். கூடவே ஆதார் திருத்தம், வங்கிக் கணக்கு, ரேஷன் அட்டை ஆகியவை வெளியே வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். கைதியின் உழைப்புக்கு நியாயமான கூலி தர வேண்டும் என்று 1998-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் கூலி சேமிப்பாகச் சேர்ந்திருந்தால்தான் முதல் மாத வாடகையைக் கட்ட முடியும்.

அந்த முதல் சில மாதங்கள்தான் மிகவும் கடினமானவை. கணவன் சிறைக்குப் போனால் மனைவி கைக்குழந்தையோடு வந்து மனு பார்ப்பார். பெண் சிறைக்குப் போனாலோ பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டின் கதவும் சாத்தப்படுவது இங்கே நாம் கண்கூடாகக் காண்பதுதான். பலரால் சொந்த ஊருக்குத் திரும்பவே முடிவதில்லை. தங்க இடமில்லாதவருக்குத் தொழில் தெரிந்து என்ன பயன்? வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் ‘தோழி’ விடுதிகளில் சில படுக்கைகளையாவது இவர்களுக்கென்று ஒதுக்கலாம். 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழு இயக்கம் இன்று தமிழகத்தின் மூலைமுடுக்கெல்லாம் பரவியிருக்கிறது. விடுதலைக்கு மூன்று மாதம் முன்பே ஒரு குழுவோடு அறிமுகப்படுத்திவிட்டால், கடனுக்கு வழி பிறக்கும், அதைவிட முக்கியமாக நாலு மனிதர்களின் துணை கிடைக்கும்.

இதில் எதுவும் புதிய யோசனை அல்ல. பெண் கைதிகளின் நிலையை ஆராய அமைக்கப்பட்ட நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் குழு 1987-இல் அறிக்கை தந்தது. ஐ.நா. பொதுச்சபை 2010-இல் ஏற்ற பாங்காக் விதிகள், விடுதலைக்கு முன்பும் பின்பும் சிறை நிர்வாகமும் நன்னடத்தைத் துறையும் சேர்ந்து செயல்பட வேண்டும் என்கின்றன. சிறையில் கல்வியோ பயிற்சியோ பெற்றவர்கள் மீண்டும் சிறைக்குத் திரும்பும் வாய்ப்பு 43 விழுக்காடு குறைவு என்று அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 2013-இல் கண்டறிந்தது. அறிக்கைகள் இருக்கின்றன, விடுதலையான பெண் ஆறு மாதம் கழித்து எங்கே இருக்கிறார் என்று போய்ப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

தமிழ்நாட்டில் புழல், வேலூர், திருச்சி, கோவை, மதுரை என ஐந்து பெண்கள் தனிச்சிறைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் வேலைவாய்ப்புக்கென்றே ஒரு பெண் அலுவலரை அரசு நியமிக்க வேண்டும். விடுதலைக்கு முந்தைய ஆறு மாதமும் பிந்தைய ஒரு வருடமும் அந்தப் பெண்களைத் தொடர்ந்து கவனிப்பது அவருடைய பொறுப்பாக இருக்க வேண்டும். எத்தனை பேருக்குப் பயிற்சி தந்தோம் என்ற கணக்கோடு, அவர்களில் எத்தனை பேர் இன்று வேலையில் இருக்கிறார்கள் என்ற கணக்கையும் சிறைத்துறை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். வரும் மானியக் கோரிக்கையிலேயே இதை அறிவிக்கலாம்.