ஒரே காவலாளி போதாது

மாணவர்களே, சாஆவில் நண்பகல் வெப்பம் 30 டிகிரி செல்சியசைத் தாண்டுவது உங்களுக்குப் புதிதல்ல. அந்த வெயிலில் அடுப்பே இல்லாமல் கொதிக்கும் ஒரு திரவம் உண்டு என்றால் நம்புவீர்களா? அதன் பெயர் டெஸ்ஃபுளுரேன். கொதிநிலை ஏறக்குறைய 23 டிகிரிதான். அறுவைச் சிகிச்சையின்போது நோயாளியைத் தூக்கத்தில் ஆழ்த்தும் மருந்துகளில் இதுவும் ஒன்று.

இப்படிப்பட்ட திரவங்களை ஆவியாக்கி, அளவோடு காற்றில் கலந்து கொடுக்கும் கருவிக்கு 'ஆவியாக்கி' என்று பெயர். அளவுதான் இங்கே உயிர். செவோஃபுளுரேன் என்ற மருந்தை 20 டிகிரியில் தன் போக்கில் ஆவியாக விட்டால், அதன் ஆவி காற்றில் 21 விழுக்காடு வரை சேரும். பெரியவர் ஒருவருக்குத் தேவைப்படுவதோ சுமார் 2 விழுக்காடு. அதாவது, கட்டுப்பாடு தவறினால் பத்து மடங்கு!

திரவம் ஆவியாகும்போது தானே குளிர்ந்துவிடும். படிவம் 4 இயற்பியலில் நீங்கள் படிக்கும் உள்ளுறை வெப்பமே காரணம். குளிர்ந்தால் ஆவி குறையும், மருந்தும் குறையும். அதனால், வெப்பத்துக்கு ஏற்ப வளையும் ஈருலோகப் பட்டை பல ஆவியாக்கிகளில் உண்டு. அது காற்று செல்லும் வழியைக் கூட்டியும் குறைத்தும் அளவைச் சீராக வைக்கிறது. எளிதில் கொதிக்கும் டெஸ்ஃபுளுரேனுக்கு இது போதாது. அதை 39 டிகிரிக்குச் சூடாக்கி, அழுத்தத்தில் வைத்து அளந்து கொடுக்கும் தனி ஆவியாக்கி வேண்டும்.

இவ்வளவு ஏற்பாடு எதற்கு? அளக்காமல் கொடுத்த காலத்தைப் பாருங்கள். 1848 ஜனவரி 28 அன்று இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற சிறுமி கால் நகத்தை அகற்றுவதற்காகக் குளோரோஃபார்ம் சுவாசித்தாள். துணியில் ஊற்றி முகத்தருகே பிடித்தார்கள். சில நிமிடங்களில் இறந்துபோனாள். அவளுக்கு வயது 15, உங்கள் வயதுதான். துணியில் ஊற்றினால் எவ்வளவு ஆவி உள்ளே போகிறது என்று யாருக்கும் தெரியாது, அளந்து கொடுக்க வேண்டும் என்று வாதாடினார் மருத்துவர் ஜான் ஸ்நோ. அளந்து கொடுக்கும் கருவிகளையும் அவரே வடிவமைத்தார்.

எல்லாரும் அதை ஏற்கவில்லை. இந்தியாவில் ஹைதராபாத் மருத்துவப் பள்ளியின் முதல்வர் எட்வர்ட் லாரி, "மூச்சை மட்டும் கவனித்தால் போதும், இதயத்துக்கு ஆபத்தில்லை" என்ற கொள்கையில் உறுதியாக இருந்தார். நிஜாமின் ஆதரவில் 1888, 1889ஆம் ஆண்டுகளில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அமைந்தன. நூற்றுக்கணக்கான நாய்களை வைத்துச் சோதித்து, லாரி சொன்னதே சரி என்றன. ஆனால், குளோரோஃபார்ம் இதயத் துடிப்பையே திடீரெனச் சீர்குலைக்கும் என்பதை 1911இல் குட்மன் லெவி காட்டினார். மூச்சைக் கவனிக்கச் சொன்னதில் பிழையில்லை. அது ஒன்றே போதும் என்று நம்பியதுதான் பிழை.

இன்றைய ஆவியாக்கிக்குப் பல காவலாளிகள் உண்டு. செவோஃபுளுரேனுக்கு மஞ்சள், ஐசோஃபுளுரேனுக்கு ஊதா, டெஸ்ஃபுளுரேனுக்கு நீலம் என நிறம் பிரித்திருக்கிறார்கள். மருந்தை நிரப்பும் வாயும் அந்தந்த மருந்துக்கே பொருந்தும்படி அமைந்திருக்கும். ஐசோஃபுளுரேன் எளிதில் ஆவியாகும், வீரியமும் கூடுதல். அதை மஞ்சள் ஆவியாக்கியில் ஊற்றிவிட்டால் அளவு மீறிவிடும். ஒரே நேரத்தில் இரண்டு ஆவியாக்கிகள் திறக்காதபடி பூட்டும் உண்டு.

"இத்தனை பூட்டுகள் இருக்கும்போது தினமும் சோதிப்பது வீண் வேலைதானே?" என்று கேட்கத் தோன்றும். இல்லை என்பதே என் கருத்து. மருந்து தீர்ந்துவிட்டதா என்பதை நிறம் சொல்லாது. கவனிக்காவிட்டால் நோயாளி நடுவிலேயே விழித்துக்கொள்ளக்கூடும். கசிவு இருக்கிறதா என்பதைப் பூட்டு சொல்லாது. கருவியைச் சாய்த்துவிட்டால் திரவம் தவறான பாதையில் புகுந்து, அளவுக்கு மீறிய ஆவி வெளியேறலாம். திருகியில் தெரிவது நாம் கேட்ட அளவு. நோயாளி உண்மையில் சுவாசிக்கும் அளவை வாயு அளக்கும் மானிதான் காட்டும். ஆகவே சோதனைப் பட்டியலை வெறும் சடங்காக நினைக்காதீர்கள். ஒரு காவலாளி கண்ணயர்ந்தாலும் அடுத்தவர் விழித்திருக்கவே அந்த ஏற்பாடு.

அந்தக் காவலாளிகளில் நீங்களும் ஒருவர். சிலருக்கு இந்த ஆவி மருந்துகளால் தசை இறுகி, உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு ஏறும். இது பரம்பரையாக வரும். வீட்டில் யாருக்காவது அறுவைச் சிகிச்சை என்றால், உறவினர் எவருக்கேனும் மயக்க மருந்தால் தொல்லை வந்ததா என்று தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். தெரிந்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எந்த ஆவியாக்கியும் அதைத் தானாகக் கண்டுபிடிக்காது.