ஆலோசகருக்கும் ஒரு படிப்பு வேண்டும்: ஜெர்மனியில் மாணவர் ஆலோசனைக்கான முதுநிலைக் கல்வி குறித்து எங்கள் நிலைப்பாடு

ஜெர்மனியில் பெரும்பாலான பட்டப்படிப்புகளில் ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவது முறையும் தவறினால் பல்கலைக்கழகம் பெயரை நீக்கிவிடும். அதே படிப்பை நாட்டின் வேறொரு பல்கலைக்கழகத்தில் போய்த் தொடரவும் முடியாது. வெளிநாட்டு மாணவருக்கு விசாவும் அந்தப் படிப்பை நம்பித்தான் இருக்கிறது. இரண்டு முறை தவறியபின், வீட்டுக்குச் சொல்லவும் துணியாமல், தூக்கமும் இல்லாமல், இரவு பதினொரு மணிக்கு தமிழ் மாணவர்களுக்கு உதவும் எங்கள் அமைப்பின் தொண்டர்களை அழைக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்தே இந்த அறிக்கையை எழுதுகிறோம்.

"அண்ணா, இனிமே நான் என்ன பண்றது?" என்று கேட்கிறார்கள். கேட்கப்படும் அண்ணன் ஒரு மென்பொருள் பொறியாளர். ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரியும், ஒரு வேளை சோறு போடவும் தெரியும். ஆனால் தேர்வன்று காய்ச்சல் கண்டால் எழுதாமல் விலகி உடனே மருத்துவச் சான்று கொடுக்க வேண்டும் என்பதும், எழுதி முடித்துவிட்டுப் பிறகு சொன்னால் பெரும்பாலும் எடுபடாது என்பதும் அவருக்குத் தெரியாது. சிறப்புச் சூழ்நிலையைக் காட்டி இன்னொரு வாய்ப்புக் கேட்கும் விண்ணப்பத்துக்கும் கெடு உண்டு. அந்தக் கெடு தாண்டியபின் ஒரு மாணவருக்கு அதைச் சொன்னோம். அது எங்கள் பிழை. அதிலிருந்துதான் இந்த நிலைப்பாட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

மாணவர் ஆலோசனை நல்ல மனம் இருந்தாலே செய்துவிடக்கூடிய வேலை இல்லை. தேர்வு விதி, குடியிருப்புச் சட்டம், பணநெருக்கடி, மனநெருக்கடி நான்கும் ஒரே பிள்ளையின் தலையில் ஒரே வாரத்தில் இறங்குகின்றன. நான்கையும் சேர்த்துப் பார்க்கப் பழக்கும் முழுமையான முதுநிலைப் படிப்பை ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் சிலவாவது தொடங்க வேண்டும் என்று கோருகிறோம்.

அமெரிக்காவில் இப்படியொரு படிப்புக்கு ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உண்டு. ஜெர்மனி வேறு வழியில் வந்தது. முதல் உலகப்போருக்குப் பின் பசியில் கிடந்த மாணவர்களுக்குச் சோறு போட எழுந்த சுயஉதவி அமைப்புகள் 1921-இல் ஒன்றுசேர்ந்தன. அவற்றின் வழிவந்தவைதான் இன்று மென்சா எனும் மாணவர் உணவகங்களையும் விடுதிகளையும் உளவியல் ஆலோசனை நிலையங்களையும் நடத்தும் ஸ்டூடியரெண்டன்வெர்க்குகள். பல்கலைக்கழகங்களின் பக்கம், 1976-இல் நடைமுறைக்கு வந்த உயர்கல்விச் சட்டகச் சட்டம் மாணவருக்கு ஆலோசனை தருவதைக் கடமையாக்கியது. கடமை சட்டத்தில் ஏறியது. அதைச் செய்பவர் என்ன படித்திருக்க வேண்டும் என்பது ஏறவில்லை. அதனால் சமூகவியல், இலக்கியம், கல்வியியல், உளவியல் என்று பல திசைகளிலிருந்து இந்த வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். அவர்களில் மிகச் சிறந்தவர்களை நாங்கள் அறிவோம். ஆனால் வேலையில் சேர்ந்தபின் துண்டுதுண்டாகக் கற்றார்கள். உயர்கல்வி ஆலோசகர்களின் தொழில்முறைச் சங்கமான கிபெட் நடத்தும் பயிற்சிகள் அருமையானவை. அவையும் பெரும்பாலும் வேலையில் இருப்பவர்களுக்கானவை.

ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் தொழில், நிறுவனம் சார்ந்த ஆலோசனைக்கு ஒரு முதுநிலைப் படிப்பை உருவாக்கியது. மன்ஹைமில் வேலைவாய்ப்பு முகமையின் கல்லூரி அந்த முகமைக்கான ஆலோசகர்களை உருவாக்குகிறது. இரண்டும் மதிக்கத்தக்க அடித்தளங்கள். ஆனால் இரண்டிலும் நடுவில் நிற்பவர் பல்கலைக்கழக மாணவர் அல்லர். இந்த அடித்தளத்தின் மேல், தேர்வு அலுவலகத்திலும் வெளிநாட்டு மாணவர் பிரிவிலும் உளவியல் ஆலோசனை நிலையத்திலும் களப்பயிற்சியோடு கூடிய படிப்பைக் கட்ட முடியும்.

படிப்பு வந்தால் மட்டும் போதாது, பதவியும் நிலைக்க வேண்டும். 2011 முதல் 2020 வரை மத்திய அரசின் கற்பித்தல் தர ஒப்பந்தம் சுமார் 200 கோடி யூரோ அளவில் பணம் தந்தது. அதில் பல ஆலோசனைப் பணியிடங்களும் உருவாயின. திட்டம் முடிந்தபோது பலரின் ஒப்பந்தமும் முடிந்தது. ஒரு மாணவர் மனம் திறந்து பேச மூன்று சந்திப்புகள் ஆகும். நான்காவது சந்திப்பில் எதிரே வேறொருவர் உட்கார்ந்திருந்தால் அந்தப் பிள்ளை மறுபடி வராது.

தமிழ்நாட்டில் சமூகப்பணியும் ஆலோசனை உளவியலும் படித்தவர்கள், 1952-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் போன்ற இடங்களிலிருந்து வருபவர்கள், "அங்க எங்களுக்கு வேலை இருக்கா?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியது இது. மாணவரோடும் அலுவலகத்தோடும் பேச ஜெர்மன் மொழி சி1 அளவுக்காவது வேண்டும். சமூகப்பணிப் பட்டத்துக்கு மாநில அங்கீகாரம் தனியாகப் பெற வேண்டும். உளச்சிகிச்சையாளர் என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 2020 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி, அதற்கென அங்கீகரிக்கப்பட்ட படிப்பும் அரசுத் தேர்வும் முடித்தவருக்கே உரிமம் கிடைக்கும். ஆலோசகர் என்ற பெயருக்கோ அப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஆங்கிலத்தில் 'கவுன்சலிங்' பட்டம் என்று விளம்பரம் செய்யும் கன்சல்டன்சிகளிடம், இந்தப் பட்டத்தை வைத்து எந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று எழுத்தில் கேளுங்கள். விசாவுக்கான பிளாக்டு அக்கவுண்டில் போட அப்பா நிலத்தை அடகு வைத்த பிறகு கேட்டுப் பயனில்லை.

இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானவர்கள் இங்கேயே வளர்ந்தவர்கள் என்று நினைக்கிறோம். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து தப்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஜெர்மன் மொழியில் கனவு காண்கிறார்கள், வீட்டில் தமிழ் கேட்கிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போவது எப்படி இருக்கும் என்பதை அனுபவித்தே அறிந்தவர்கள். அம்மா, அப்பாக்களே, உங்கள் மகள் சமூகப்பணியோ கல்வியியலோ படிக்கிறேன் என்றால், மருத்துவம் கிடைக்காததால் கேட்கிறாள் என்று எண்ணாதீர்கள். 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் படித்த இந்தியர்கள் மட்டும் ஏறத்தாழ 49,000 பேர். வெளிநாட்டு மாணவரில் அவர்களே மிகப் பெரிய குழு. உடைந்துபோகும் நேரத்தில் தன் மொழியில் அழ ஓர் ஆள் கிடைப்பது அந்தப் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு வேண்டியிருக்கிறது.

எங்கள் அளவில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். இனி எங்கள் தொண்டர்கள் தேர்வு விதி, விசா, மனநலம் ஆகியவற்றில் தாங்களாக ஆலோசனை சொல்ல மாட்டார்கள். அழைக்கும் மாணவரைப் பல்கலைக்கழக ஆலோசனை மையத்துக்கோ ஸ்டூடியரெண்டன்வெர்க்குக்கோ கூட்டிக்கொண்டு போவார்கள். மாணவர் விரும்பினால் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் நள்ளிரவானாலும் 112-ஐ அழைப்பார்கள்.