மக்களைக் கேட்டுத் திட்டமிடுங்கள்

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று கொலன்னாவையில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30இற்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. "இங்கே கொட்டாதீர்கள்" என்று அயலவர்கள் பல வருடங்களாகக் குரல் கொடுத்திருந்தார்கள். யாரும் செவிசாய்க்கவில்லை.

கொட்டுவதை நிறுத்தியதும் நிலம் சுத்தமாகிவிடுவதில்லை. மேலே மண் போட்டுப் புல் நட்டாலும் உள்ளே மீதேன் வாயு உருவாகிக்கொண்டே இருக்கும். கசியும் அழுக்குநீர் கிணறுகளையும் கால்வாய்களையும் அடையும். நிலமும் பல வருடங்களுக்குத் தாழ்ந்துகொண்டே போகும். அப்படிப்பட்ட இடத்தில் பூங்காவா, வீடா என்பதை வரைபடத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கலாமா? எந்த ஒழுங்கையில் வெள்ளம் தேங்கும், எந்தக் கிணறு நாறும் என்பது அங்கே குடியிருக்கும் தாய்மாருக்கே தெரியும்.

பெரிய திட்டங்களின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மீது 30 நாட்களுக்குள் பொதுமக்கள் கருத்துக் கூறலாம் என்கிறது தேசிய சுற்றாடல் சட்டம். ஆனால் பத்திரிகையின் மூலையில் வரும் அறிவித்தலை எத்தனை பேர் பார்க்கிறோம்? அது பள்ளிவாசல், கோவில், விகாரை வாசல்களிலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டப்பட வேண்டும் என்பேன். பெண்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் நடக்க வேண்டும். சொன்ன கருத்துக்கு எழுத்தில் பதிலும் வேண்டும்.

ஒரு கலியாணத்துக்கே குடும்பமாக மஷூரா செய்பவர்கள் நாம். பிள்ளைகள் விளையாடப்போகும் மண்ணுக்கு அது வேண்டாமா? பெற்றோரே, அறிவித்தல் வந்தால் வாசியுங்கள், எழுதுங்கள். நேரமில்லையென்றால் எங்களிடம் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகள் நாங்கள் எழுதித் தருகிறோம்.