ஒப்பமிட்டவரே கடனாளி



"நான் கூப்பிட்டபடியால்தான் நீ இங்கே இருக்கிறாய். நினைத்தால் நாளைக்கே திருப்பி அனுப்பிவிடுவேன்." கனடாவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குள் இந்த வார்த்தை சொல்லப்படுகிறது. பெரும்பாலும் கணவன் மனைவிக்குச் சொல்கிறான். மாமியார் மருமகளுக்குச் சொல்வதும் உண்டு. மனைவி கணவனுக்குச் சொல்வதும் இல்லாமலில்லை. நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்ட ஒருவரிடம் சொல்லப்படும்போது இது சட்டப்படி பொய். பொய்யென்று திருச்சபைக்குள் உரத்துச் சொல்லவேண்டும் என்பதே இவ்வாரம் நான் உங்கள்முன் வைக்கும் கருத்து.

வாழ்க்கைத்துணையை ஸ்பொன்சர் செய்கிறவர் அரசுக்கு ஓர் உறுதிமொழி எழுதி ஒப்பமிடுகிறார். துணைவர் நிரந்தர வதிவாளராகும் நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்கு அவருடைய உணவு, உடை, உறைவிடம், அரச மருத்துவக் காப்புறுதிக்குள் அடங்காத பல், கண் சிகிச்சை முதலியவற்றுக்குத் தாமே பொறுப்பு என்பது அதன் சாரம். அக்காலத்தில் துணைவர் சமூக உதவிப் பணம் பெற நேர்ந்தால், அத்தொகை ஸ்பொன்சர் செய்தவரின் கடனாகும். வேலை போனாலும், பிரிந்து வாழ்ந்தாலும், விவாகரத்தே ஆனாலும் அந்த உறுதிமொழி நீங்காது. ஆகவே இதில் கட்டுண்டவர் கூப்பிட்டவரே, வந்தவர் அல்லர். நம்மவர் பலர் இதைத் தலைகீழாக விளங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்கு ஒரு காரணமும் உண்டு. 2012 ஒக்டோபரில் கனடிய அரசு ஒரு நிபந்தனையைக் கொண்டுவந்தது. உறவு தொடங்கி 2 ஆண்டுகளுக்கு மேற்படாத, பிள்ளைகள் இல்லாத தம்பதியராயின், வந்தவர் தம்மை அழைத்தவரோடு 2 ஆண்டுகள் சேர்ந்து வாழவேண்டும். தவறினால் வதிவிட உரிமையை இழக்க நேரிடலாம். வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு விதிவிலக்கு இருந்தது. ஆனால் மொழி தெரியாமல், வழி தெரியாமல் வந்திறங்கிய பெண் அதை எங்கே போய் நிரூபிப்பாள்? 2017 ஏப்ரலில் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. சட்டம் போய்விட்டது, அது விளைத்த பயம் வீடுகளில் தங்கிவிட்டது.

ஏமாற்றப்பட்டவர்களும் இருக்கிறார்களே என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறார்கள், அவர்களுடைய வேதனையை நான் சிறிதாக எண்ணவில்லை. வதிவிடத்துக்காகவே செய்யப்பட்ட பொய்த் திருமணத்தை விசாரிக்கச் சட்டம் உண்டு. துணைவராக வந்தவர் 5 ஆண்டுகள் கழியுமுன் வேறொரு துணையை ஸ்பொன்சர் செய்யவும் முடியாது. அந்த வேலையைச் சட்டம் செய்யட்டும். சிலர் ஏமாற்றினார்கள் என்பதற்காக ஒவ்வொரு மருமகளையும் சந்தேகக் கைதியாக வைத்திருக்க எந்த வீட்டுக்கும் அதிகாரம் இல்லை.

ரூத்தின் சரித்திரம் நினைவுக்கு வருகிறது. போவாஸ் பட்டணத்து வாசலில் பத்து மூப்பர்களைச் சாட்சிகளாக அமர்த்தி அந்நிய தேசத்துப் பெண்ணை ஏற்றுக்கொண்டான். அவனிலும் நெருங்கிய உறவினன் ஒருவன் தன் சொத்துக்குப் பங்கம் வருமென்று பின்வாங்கியிருந்தான். ஏற்றுக்கொள்பவனுக்கே செலவு என்பது அன்றைக்கே தெரிந்த செய்தி. மோவாபியளாகிய அவளைப் பார்த்து, என்னால் பிழைத்தாய் என்று போவாஸ் பிற்பாடு சொன்னதாக அந்நூலில் ஓரிடத்திலும் இல்லை.

இதில் நம் போதகர்களுக்கும் ஒரு பங்குண்டு. விண்ணப்பத்தோடு இணைப்பதற்குக் கடிதம் கேட்டு எங்களிடம் வருகிறார்கள். திருமணம் உண்மையானதல்ல என்றோ, குடிவரவுப் பயனே அதன் முதன்மை நோக்கம் என்றோ அதிகாரி கண்டால் விண்ணப்பத்தை நிராகரிக்கலாம். ஆகையால் எப்படிச் சந்தித்தார்கள், உறவினர் அறிவார்களா, திருமணத்துக்கு யார் வந்தார்கள் என்றெல்லாம் படிவம் விரிவாகக் கேட்கிறது. "நல்ல குடும்பம், ஆராதனைக்கு ஒழுங்காக வருகிறவர்கள்" என்ற கடிதம் இவற்றில் ஒன்றுக்கும் விடையல்ல. திருமண அறிவித்தல் எந்நாளில் வாசிக்கப்பட்டது, யார் முன்னிலையில் விவாகம் நடந்தது, பின்னர் இருவரையும் எங்கே கண்டோம் என்று கண்ணால் கண்டதை மட்டும் எழுதுவதே சாட்சி. காணாததை எழுதும்படி கேட்டால், உறவினராயினும் மறுக்கவேண்டும். கடிதம் எழுதிய போதகர், வந்திறங்கிய பெண்ணிடம் ஆறு மாதம் கழித்துத் தனியே நலம் விசாரிக்கவும் கடமைப்பட்டவர். கணவனும் மாமியாரும் அருகிலிருக்கும்போது கேட்பது விசாரிப்பு ஆகாது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். நிரந்தர வதிவிடம் கிடைக்குமுன் ஸ்பொன்சர் தம் விண்ணப்பத்தை மீளப் பெறலாம். பார்வையாளராக வந்து கனடாவுக்குள்ளிருந்தே காத்திருப்பவர்களிடம் அந்த மிரட்டலுக்கு உண்மையான பலம் உண்டு. குடும்ப வன்முறைக்கு உள்ளாகும் அத்தகையோருக்கென்று தற்காலிக வதிவிட அனுமதி ஒன்று 2019 முதல் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. இதை அறிந்த தமிழ்ப் பெண்கள் எத்தனை பேர்? பெண்கள் ஐக்கியக் கூட்டங்களில் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

மகனுக்கு ஊரில் பெண் பார்த்திருக்கும் பெற்றோரே, அவன் ஒப்பமிடுமுன் அந்த உறுதிமொழியை அவனோடு அமர்ந்து முழுவதும் வாசியுங்கள். வருகிற பிள்ளையின் கடவுச்சீட்டும் வதிவிட அட்டையும் உங்கள் அலுமாரியில் அல்ல, அவளுடைய கைப்பையில் இருக்கட்டும்.